சார்த்தர் "எதையும் செய்யலாம்" என்று சொன்னாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், மேல்நாட்டுத் தத்துவம் நம் குடும்பங்களைக் குலைக்கிறது என்று முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. இருத்தலியல் (மனுசன் செய்கிற காரியங்களால்தான் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்கிற தத்துவம்) என்ற ஒன்று வந்ததால்தான் பையன்கள் அப்பா அம்மாவைத் தோட்டத்தில் விட்டுவிட்டு அமெரிக்கா போகிறார்கள், குடும்ப நீதிமன்றத்தில் கூட்டம் நிற்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் குலதெய்வக் கோயிலுக்கு வர மறுக்கிறார்கள் என்று எழுதியவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்திலிருந்து அமெரிக்கா போன பையன்களில் எத்தனை பேர் அந்தத் தத்துவத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர் சார்த்தரைப் படித்துவிட்டுப் போனார்களோ, விசாவுக்குக் கேட்கிறார்களோ என்னவோ. கிண்டல் போகட்டும். சார்த்தர் பைப் பிடிக்கிற படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "கடவுள் இல்லை, ஆகவே எதையும் செய்யலாம்". அவர் சொன்னது என்று. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

அந்த எண்ணம் தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலில், 1880ல் வந்தது, அதில் ஒரு பாத்திரத்தின் வாதமாக வருகிறது. சார்த்தர் அதை எடுத்துக்காட்டி, எங்கள் பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்றார். தொடங்கி எங்கே போகிறார் என்பதுதான் முக்கியம். மேலே கடவுள் எழுதிய கட்டளை இல்லை என்றால், மனுசன் எதைச் செய்தாலும் "எனக்கு இப்படித்தான் சொல்லியிருக்கு" என்று சாக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். தொடங்கின வரியை எடுத்து முடிவாகப் போட்டால் ஆள் அயோக்கியனாகத்தான் தெரிவார்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தத்துவத்தில் பட்டம் எதுவும் இல்லை, ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் இந்த விஷயம் தமிழுக்கு நேற்று வந்ததில்லை. எஸ்.வி. ராஜதுரை 1970களிலேயே தமிழில் அறிமுகப் புத்தகம் எழுதிவிட்டார், பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் நாவல்கள் தமிழில் கிடைக்கின்றன, புத்தகத் திருவிழாவில் பஜ்ஜிக் கடைக்குப் போகிற வழியிலேயே வாங்கலாம். கட்டுரை எழுதியவர் ஒன்றையாவது புரட்டியிருக்கலாம்.

சார்த்தர் இதையெல்லாம் பேசிய அந்தப் புகழ்பெற்ற சொற்பொழிவு 1945 அக்டோபர் 29ல் பாரிஸில் நடந்தது. ஜெர்மன்காரர்களிடமிருந்து ஊர் விடுபட்டு ஒரு வருடம் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருந்தது. சார்த்தருக்கு அப்போது இரண்டு பக்கமும் அடி. கடவுளை எடுத்துவிட்டால் நல்லது கெட்டதுக்கு அளவுகோல் எங்கே என்று கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். மனுசனைத் தனியாக உட்கார்ந்து புலம்ப வைக்கிறாய், இது வசதியானவன் வீட்டுக் கவலை என்று கம்யூனிஸ்டுகள் சொன்னார்கள். 1948ல் வாடிகன் அவருடைய எழுத்து முழுவதையும் தடைப் பட்டியலில் போட்டது, 1956ல் அவருடைய தோழியும் தத்துவ எழுத்தாளருமான சிமோன் தி பூவாவின் 'இரண்டாம் பாலினம்' புத்தகமும் போய்ச் சேர்ந்தது. ஆக, பழைய ஒழுக்கத்தோடு இவர்களுக்கு மோதல் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எந்த இடத்தில் மோதல் என்பதுதான் கேள்வி.

அந்தச் சொற்பொழிவு நடந்த காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1942 ஜூலையில் பாரிஸில் யூதக் குடும்பங்களை, சுமார் 13,000 பேரை, வீடு வீடாகப் போய்ப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள்தான். மேலிடத்து உத்தரவு, நாங்கள் என்ன செய்ய என்றுதான் ஒவ்வொருத்தனும் சொல்லியிருப்பான். சார்த்தர் பேசி மூன்று வாரம் கழித்து, நவம்பர் 20ல், நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள்மேல் விசாரணை ஆரம்பித்தது, அங்கேயும் கூண்டில் நின்றவர்கள் பலரும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். ஒழுங்கு, கீழ்ப்படிதல், கடமை, குடும்பப் பற்று எல்லாம் அந்த ஆட்களிடம் குறைவில்லாமல் இருந்தது. நல்ல பழக்கங்களை வைத்துக்கொண்டே ஒரு சமூகம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு பேசின பேச்சு அது. அதை விட்டுவிட்டு, ஏதோ காபிக் கடையில் பொழுது போகாமல் ஒழுக்கத்தைக் கெடுக்கக் கிளம்பினார்கள் என்று எழுதுவது நியாயமில்லை.

அடிப்படை எளிதுதான். காகிதம் கிழிக்கிற கத்தியைச் செய்கிறவன், அது எதற்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் செய்கிறான். மனுசனுக்கு அப்படி யாரும் முன்கூட்டி முடிவு செய்து வைக்கவில்லை. பிறந்துவிடுகிறான், அப்புறம் செய்கிற காரியங்களால் இன்னார் என்று ஆகிறான். பாரிஸில் இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்ன கூட்டம், இன்ன குலதெய்வம், இன்ன காணி, கல்யாணத்தில் உனக்கு இன்ன சீர், செத்தால் இன்னார் கொள்ளி என்று தொட்டிலிலேயே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிற எங்கள் ஊரில் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன், கட்டுரையின் பெரிய குற்றச்சாட்டு அதுதானே. சார்த்தர் அந்தச் சொற்பொழிவில் சொன்ன மாணவன் கதை இதேதான். அவனுடைய அண்ணன் 1940ல் ஜெர்மன் தாக்குதலில் செத்துப்போனான். அப்பா எதிரியோடு ஒத்துப்போகிற பக்கம் சாய்கிறவர், அம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, அவளுக்கு உயிர் இந்த ஒரு பையன்மேல்தான். இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் விடுதலைப் படையில் சேருவதா, அம்மாவோடு இருப்பதா? போனால் வழியிலேயே எங்காவது முகாமில் மாட்டிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாமல் போகலாம். இருந்தால் அம்மா பிழைத்துக்கொள்வாள், அது நிச்சயம். சார்த்தரிடம் வந்து கேட்கிறான். அயலானை நேசி என்கிறது வேதம், இதில் யார் அயலான், அம்மாவா, சண்டை போடுகிற கூட்டாளியா? மனுசனைக் கருவியாக்காதே என்கிறார் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், யாரைக் கருவியாக்காமல் விடுவது? எந்த ஏட்டிலும் பதில் இல்லை. "நீ சுதந்திரமானவன், நீயே முடிவு செய்" என்றார் சார்த்தர். போ என்று சொல்லவில்லை. உங்கள் கட்டுரையாளர் "தாயை விட்டுவிட்டுப் போ என்று போதித்தவர்" என்று எழுதியிருக்கிறார்.

இந்த மாணவன் காங்கேயத்திலும் இருக்கிறான், கோபியிலும் இருக்கிறான். அம்மா தோட்டத்துச் சாளையில் தனியாக, இரண்டு எருமை, ஒரு நாய். "நான் அங்க வந்துட்டா இதுகள ஆரு பார்ப்பா கண்ணு" என்கிறாள். பையன் நியூ ஜெர்சியில் ராத்திரி உட்கார்ந்து போனில் சிசிடிவியைத் திறந்து, விடிகாலையில் அம்மா எழுந்து வாசல் தெளித்தாளா என்று பார்க்கிறான். பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறான். அவனிடம் கேட்டால், "அவங்கதான் போய்ச் சம்பாரின்னு சொன்னாங்க" என்பான். ஊரிலேயே தங்கிவிட்ட இன்னொருத்தனைக் கேட்டால், "எங்கப்பன் விடலை, இல்லீன்னா நானும் எங்கயோ போயிருப்பேன்" என்பான். போனவனும் பெற்றவர்கள் மேலே போடுகிறான், இருந்தவனும் பெற்றவர்கள் மேலே போடுகிறான். இந்த இரண்டு கதவையும்தான் சார்த்தர் சாத்துகிறார். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள 2007ல் சட்டமே வந்துவிட்டது, புகார் கொடுத்தால் மாதம் இவ்வளவு என்று வாங்கித் தருவார்கள். சட்டம் வேண்டியதுதான், அது இல்லாமல் திண்டாடிய கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அனுப்புகிற பணத்தையும் ஊருக்குப் பயந்து வைத்துக்கொள்கிற அம்மாவையும் ஒழுக்கம் என்று எழுதிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறவனைக் கெட்டுப்போனவன் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெருக்கடியில் வந்து கேட்கிறவனுக்கு "நீயே முடிவு செய்" என்பது ஒரு பதிலா என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு, பாதி கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்று சொல்கிறார்: யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே நம் முடிவு பாதி அடங்கியிருக்கிறது, பாதிரியாரிடம் போகிறவனுக்குப் பாதிரியார் என்ன சொல்வார் என்று தெரிந்துதான் போகிறான். ஜாதகம் தூக்கிக்கொண்டு அலைகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணைக் கொடுக்க மனம் இருந்தால் பொருத்தம் பார்க்க ஒரு ஜோசியர், மனம் இல்லாவிட்டால் வேறொருத்தர்.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது, இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். பக்தர் கனவில் ஒரு பொருள் வரும், அதைக் கோயிலில் வந்து சொன்னால் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள், உத்தரவு கிடைத்தால் பழைய பொருளை எடுத்துவிட்டு இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த பொருள் வரும்வரை அதுதான். மஞ்சள் வைத்தால் மண்டியில் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. விலை ஏறப்போகுது, ஆண்டவன் சொல்லிட்டான் என்று சரக்கை வைத்திருக்கிறவர் சொல்வார். மஞ்சளுக்குச் சோதனை வருது, இறங்கப்போகுது என்று வாங்க வந்தவர் சொல்வார். பெட்டி ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். சாமியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை, நானும் படியேறுகிறவன்தான். சார்த்தர் ஜெர்மன் சிறை முகாமில் தன்னோடு இருந்த ஒரு ஜேசுசபைப் பாதிரியார் கதையைச் சொல்கிறார். சின்ன வயதில் அப்பா இல்லை, தர்மத்தில் படிப்பு, காதல் தோல்வி, ராணுவத் தேர்விலும் தோல்வி. இதெல்லாம் சேர்ந்து, உலகக் காரியம் உனக்கில்லை, என்னிடம் வா என்று கடவுள் காட்டிய குறி என்று எடுத்துக்கொண்டு அவர் துறவியானார். அதே தோல்விகளைப் பார்த்து இன்னொருத்தன் தச்சனாகவோ புரட்சிக்காரனாகவோ ஆகியிருக்கலாமே, குறிக்கு அர்த்தம் சொன்னது அவரேதானே என்பது சார்த்தர் கேள்வி. உத்தரவு பெட்டியில் இருக்கலாம், அதை இருப்பு வைக்கவோ விற்கவோ முடிவு செய்தது மண்டிக்காரர்.

இருத்தலியல் என்றாலே நாத்திகம் என்று கட்டுரை நினைத்துக்கொண்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓட்டத்துக்கு மூலவர் என்று சொல்லப்படும் கீர்க்ககார்ட் ஆழ்ந்த கிறித்தவர். 1843ல் அவர் எழுதிய புத்தகம் முழுக்க ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதைமேல்தான். நமக்குச் சிறுத்தொண்டர் கதை இருக்கிறது, கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் அங்கே மனைவி கூட நிற்கிறாள், தாதி கூட நிற்கிறாள், வந்தவர் அடியார் என்று வீடு முழுக்க ஒரே நம்பிக்கை. ஆபிரகாம் மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. யாரிடம் சொன்னாலும் அது கொலை என்றுதான் சொல்வார்கள், சொல்வதும் சரிதான், அவனுக்குள் கேட்டது கடவுள் குரல்தானா என்று சாட்சி சொல்லவும் ஆளில்லை. அந்தத் தனிமையை நினைத்து நடுங்கித்தான் கீர்க்ககார்ட் எழுதினார். பக்தி என்பதைப் பண்டிகையும் பட்டுச்சேலையுமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவர் சார்த்தரைவிட ஆபத்தானவர் என்பது என் அபிப்பிராயம்.

சரி, உள்ளூர் விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு மண்டியில் வேலை பார்த்த நண்பர் வீட்டுக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று, மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் செய்ய வேண்டியது. மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் நின்று, தம்பியை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவள். அவள் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்விட்டார். ஆகவே சீர் அவளுக்கில்லை, பெரியப்பா மகளைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். முதல் நாள் ராத்திரி, மண்டபத்தில் காய் அரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தரிடமாகக் கேட்டேன். மாப்பிள்ளை சொன்னான், "எனக்கு அக்கா செஞ்சாத்தானுங்க மாமா சந்தோசம், பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்களோன்னுதான்". பொண்ணு வீட்டுக்காரர், "எங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்ணா, அவங்க பங்காளிங்க ஒத்துக்கோணுமல்லோ". பங்காளிகளில் பெரியவர், "காலம் மாறிப்போச்சுங்க, ஆரு இப்ப இதெல்லாம் பாக்குறா, ஆனா அருமைக்காரர் ஒரு வார்த்தை சொல்லோணும்". கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கிற அந்த அருமைக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "நான் என்னத்தைங்க சொல்றது, உங்க வழக்கம் எதுவோ அதைச் செஞ்சு குடுத்துட்டுப் போறவன்" என்றார். சுற்றிச் சுற்றி வந்தால் அந்த மண்டபத்தில் வேண்டாம் என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. காலையில் பெரியப்பா மகள்தான் சீர் செய்தாள். அக்கா பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்று சார்த்தர் 1943ல் பக்கம் பக்கமாக எழுதினாரே, அது இதுதான். அந்தப் புத்தகத்தில் ஒரு காபிக் கடைப் பரிமாறுகிறவனைக் காட்டுவார், பரிமாறுகிறவன் எப்படி நடப்பானோ அப்படியே கொஞ்சம் கூடுதலாக நடந்து, தான் அந்த வேலை மட்டும்தான் என்று தன்னையே நம்ப வைக்கப் பார்க்கிறவன். அருமைக்காரர் அருமைக்காரராக இருந்தார், பங்காளி பங்காளியாக இருந்தார், சம்பந்தி சம்பந்தியாக இருந்தார். ஆளாக யாரும் இல்லை. என்னையும் விடவில்லை, "புஸ்தகம் படிக்கிறவரு, அப்படித்தான் பேசுவாரு" என்று சிரித்து எனக்கும் ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த அக்காவிடமும் கேட்டேன். "வேண்டாமுங்க மாமா. நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட நான் கை வச்சதாலதான்னு சொல்லுவாங்க. நான் கேட்டுட்டு இருக்க முடியாது" என்றாள். இதையும் சார்த்தர் பாணியில் தன்னை ஏமாற்றிக்கொள்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அவளுக்கு மட்டும் விலை இருக்கிறது, விலை என்ன என்று கணக்காகவும் தெரிந்திருக்கிறது. இங்கே சிமோன் தி பூவா சார்த்தரைவிடத் தெளிவாக இருக்கிறார். 1947ல் எழுதின நூலில், சிலரைக் குழந்தை மாதிரியே வைத்திருக்கிற உலகம் இருக்கிறது, வேறு வழி இருப்பதையே அவர்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள், அவர்களைப் பார்த்து ஏன் சுதந்திரமாக இருக்கவில்லை என்று கேட்க முடியாது, கதவு திறந்திருப்பது தெரிந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்தால்தான் கேட்கலாம் என்கிறார். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததே, மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் இருந்து வேலை செய், முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று. அந்தப் பெயரைப் பாருங்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண்ணை வேலி போட்ட இடத்தில் வைத்துக்கொள்ள, ஊரில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத பேராகத் தேடி வைத்திருக்கிறார்கள். கல்யாணம், கற்பு, பெற்றவர்களுக்குப் பாரம் இல்லாமல் இருப்பது எல்லாம் மில்லுக்கு ஆள் பிடிக்கிற தரகரின் பையில் இருந்தது. மரபான ஒழுக்கம் குலைகிறது என்று கண்ணீர் விடுகிற கட்டுரையில் அந்த ஒழுக்கத்தை வைத்து யார் யார் என்ன சம்பாதித்தார்கள் என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.

மேல்நாட்டிலிருந்து வந்த நோய் என்கிறார். ஈரோட்டுக்காரனிடம் சொல்கிற பேச்சா இது? பெரியார் தன் தங்கை மகளுக்கு, சின்ன வயதிலேயே தாலி அறுத்த பெண்ணுக்கு, வீட்டார் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்து வைத்தது 1909ல். சார்த்தருக்கு அப்போது நான்கு வயது. குடி அரசு இதே ஊரில் 1925ல் ஆரம்பித்தது, அதில் பெண்ணடிமை பற்றி வந்ததெல்லாம் 'இரண்டாம் பாலினம்' வருவதற்கு வெகு முன்னால். அதற்காகப் பெரியாரை இருத்தலியல்வாதி ஆக்கவும் நான் தயாரில்லை, மேடையில் சிலர் அப்படிச் சேர்த்துப் பேசுகிறார்கள். அவர் பகுத்தறிவை நம்பினார், யோசித்தால் சரியான பதில் கிடைக்கும் என்றார். அந்த மாணவன் எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்காமல் நின்றான் என்பதில்தான் சார்த்தரின் பேச்சே ஆரம்பிக்கிறது. ஆனால் வழக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவதில் இரண்டு பேரும் ஒன்று.

இவர்களிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரையில் சொன்னது பெரும்பாலும் சரிதான். சார்த்தரும் பூவாவும் தங்களிடம் படித்த இளம் பெண்களோடு நடந்துகொண்ட விதம் அழகில்லை, 1943ல் ஒரு மாணவியின் வீட்டார் புகாரில் பூவாவின் ஆசிரியர் வேலையே போனது. ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1933ல் நாஜிக் கட்சியில் சேர்ந்து பல்கலைக்கழகத் தலைவராக உட்கார்ந்தார். தனக்கு உண்மையாக வாழ்வது பற்றி அவ்வளவு எழுதின மனுசர். அதனால் எனக்கு உண்மையாகவே இருக்கும் சந்தேகம் இது: தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்று ஒருத்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அநியாயம் செய்தால் அவனை என்ன செய்வது?

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒரு இளம் ஜோடியை வெட்டினார்கள். பையன் செத்துப்போனான், பெண் பிழைத்தாள். கேமராவில் பதிந்து நாடே பார்த்தது. அந்த வாரம் டீக்கடையில் கேட்ட பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தப்புத்தான், ஆனா பெத்தவன் மானத்துக்கு என்ன பண்ணுவான் என்றார்கள். என்ன பண்ணுவான் என்ற அந்தக் கேள்வியில், அவன் வேறு எதையுமே பண்ணியிருக்க முடியாது என்கிற மாதிரி ஒரு தொனி. கத்தி தானாகப் போய் வெட்டியதுபோல. சாதி, மானம், ஊர் என்று வரிசையாக எல்லாவற்றையும் முன்னால் நிறுத்திவிட்டு மனுசன் பின்னால் ஒளிந்துகொள்கிற இடம் இதைவிட வேறு இல்லை. இதற்குச் சார்த்தரிடம் பதில் இருக்கிறது. சாதி மானம் காப்பாற்றினேன் என்கிறவன் தன் செயலைச் சாதி மேலே போடுகிறான், அவன் பொறுப்பேற்கவே இல்லை. சாதி மானம் எல்லாம் இல்லை, நானேதான் விரும்பிச் செய்தேன் என்று ஒருத்தன் சொன்னால்? என் சுதந்திரத்தை நான் உண்மையில் விரும்பினால் அடுத்தவன் சுதந்திரத்தையும் விரும்பித்தான் ஆக வேண்டும், ஒருத்தன் தனக்காக முடிவு செய்யும்போது மனுசன் இப்படி இருக்கலாம் என்று எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறான் என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் படி கொஞ்சம் தாவிப் போகிற படி. ஏன் விரும்பியாக வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் என்னை முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. பூவா அதை இன்னும் விரிவாகக் கட்டப் பார்த்தார், பாதிக்குமேல் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். படித்தவர்கள் யாராவது இதைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதினால் நான் ஆவலாகப் படிப்பேன், சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

கட்டுரையின் கடைசியில், இதெல்லாம் நம்மிடமே இருக்கிறது என்று "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று புறநானூற்று வரியைப் போட்டு முடித்திருந்தார். மேடையில் எல்லாரும் அந்த இடத்தோடு மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அதே பாட்டைத் தொடர்ந்து படித்தால், மலையிலிருந்து இறங்குகிற பேராற்று நீரோடு போகிற தெப்பம் மாதிரி உயிர் அதன் முறைப்படி போகும் என்று வருகிறது. அந்தப் பெரிய கவிக்கு அந்த அமைதி பொருந்தும், பெரியோரை வியத்தலும் இலமே என்று அடுத்துச் சொல்கிற ஆள் அவர். ஆனால் தெப்பத்தில் போகிறவன் தத்துவமும் சார்த்தர் சொல்வதும் ஒன்றில்லை. நம்மிடம் இருப்பது வேறு, அவர்களிடம் இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகவே மதிக்கலாமே.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பெட்டிச் செய்தியில் ஆல்பர் காம்யு நோபல் பரிசை மறுத்தார் என்று போட்டிருக்கிறீர்கள். காம்யு 1957ல் அதை வாங்கிக்கொண்டார். மறுத்தவர் சார்த்தர், 1964ல். காம்யுவை இருத்தலியல்வாதிகள் வரிசையில் முதல் ஆளாகப் போட்டிருப்பதும் சரியில்லை, அவரே 1945ல் பேட்டியில் நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். படத்துக்குக் கீழே இருக்கிற பெயர்களும் இடம் மாறியிருக்கின்றன. அடுத்த ஞாயிறு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.